கதவுக்கு நான்கு நிமிடம்

அத்தியாயம் 14

புதிதாகப் பொருத்திய அழைப்பு மணி சத்தம் போடவில்லை. சத்தம் கிடக்கட்டும், ஒரு பொட்டு வெளிச்சம்கூட அதில் இல்லை. மேலே கறுப்புக் கண், கீழே வட்டப் பொத்தான், வாசல் நிலையில் இரண்டு திருகு. பெரியவள் பொத்தானை அழுத்தினாள், விட்டாள், மறுபடி அழுத்தினாள்.

"என்னடி, அடிக்குதா?" கூடத்திலிருந்து அம்மாவின் குரல்.

"அடிக்கல."

"எனக்கும் கேட்கல. சரி, காதும் போயிடுச்சோன்னு நினைச்சேன்."

அம்மா விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு ஐந்து வாரம் ஆகிறது. அறுவை முடிந்து வீட்டுக்கு வந்து மூன்று வாரம். பெரியவள் விடுப்பெடுத்து வந்து கூடவே இருக்கிறாள். விடுப்பு இன்றோடு தீர்கிறது. நாளைக் காலை ஆறரை மணி ரயில். அதற்குப் பிறகு, வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் காலையும் மாலையும் வந்து போகிற நேரம் தவிர, அம்மா தனி.

தனியாக இருப்பதில் பயம் இல்லை. பயமெல்லாம் அந்தக் கதவைப் பற்றித்தான். கூடத்து நாற்காலியிலிருந்து வாசல் கதவுக்கு, நான்கு கால் ஊன்றுசட்டத்தை எடுத்து வைத்து எடுத்து வைத்து நடந்தால், நான்கு நிமிடம். நடைப் பயிற்சி கொடுக்க வருகிறவர் கடிகாரம் பார்த்துச் சொன்ன கணக்கு அது. வந்தவர்கள் அத்தனை நேரம் நிற்பதில்லை. அவர்கள் போய்விடுவார்களே என்று அம்மா அவசரப்படுவாள். போன வாரம் அப்படி அவசரப்பட்டுத்தான் சட்டத்தின் கால் தடுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு தப்பினாள். இன்னொரு முறை விழுந்தால் எழுந்து நடப்பது சந்தேகம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

இந்தப் புது மணி வேலை செய்தால் அம்மா எழுந்திருக்கவே வேண்டாம். வாசலில் நிற்பவர் முகம் கைபேசியில் தெரியும். "இருங்க, வந்துட்டிருக்கேன்" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லலாம். இன்றைக்குள் இது அடித்தாக வேண்டும்.

பெரியவளுக்கு இது பெரிய வேலையாகத் தோன்றவில்லை. பல் மருத்துவமனைகளின் நாற்காலி, துளைக்கும் கருவி, விளக்கு என்று பதினெட்டு வருடமாகப் பழுது பார்க்கிறவள். அவளுக்கென்று ஒரு வரிசை உண்டு. முதலில் மின்சாரம், அப்புறம் ஒயர், அப்புறம் கருவி. மனிதர்களிடம் கேட்பதெல்லாம் கடைசியில்தான். "டாக்டர்கிட்ட என்ன ஆச்சுன்னு கேட்டா அரை மணி நேரம் கதை சொல்வார், மீட்டர் ஒரே நம்பரைச் சொல்லும்" என்பது அவள் கட்சி.

மீட்டரின் இரண்டு முனைகளையும் வாசல் ஒயர்களில் வைத்தாள். பூஜ்யம்.

ஒயர் சுவருக்குள் போய், கூடத்தில் கதவுக்கு மேலே இருந்த பழைய மணிப்பெட்டிக்கு வருகிறது. ஏணியைப் போட்டு ஏறி, மூடியைக் கழற்றினாள்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது எளிமையான வித்தை. ஒரு கம்பிச்சுருள், அதன் நடுவே ஒரு சின்ன இரும்புக் கோல். வாசலில் பொத்தானை அழுத்தினால் சுருள் காந்தமாகும். கோல் பாய்ந்து ஒரு தகட்டை அடிக்கும், டிங். விரலை எடுத்தால் காந்தம் போய்விடும். கோல் திரும்பிவந்து மறுபக்கத் தகட்டை அடிக்கும், டாங். அவ்வளவுதான். ஆனால் அதற்கு இரண்டு ஒயரும் இணைந்திருக்க வேண்டும்.

ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

அறுந்து தொங்கவில்லை. யாரோ திருகைத் தளர்த்தி, ஒயரை எடுத்து, நுனியில் கறுப்பு டேப்பை மூன்று சுற்று சுற்றி, கடைசி நுனியைக் கொஞ்சம் மடித்து விட்டிருந்தார்கள், பிறகு பிரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று. அப்படி மடித்து விடுகிற பழக்கம் இந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் உண்டு.

ஏணியின் மேல் நின்றபடியே அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் மத்தியானம். அம்மா அப்போதுதான் வலி அடங்கிக் கண்ணயர்ந்திருந்தாள். தூங்கட்டும் என்று ஒயரைக் கழற்றினாள். சாயங்காலம் மாட்டிவிடலாம் என்று நினைத்தாள். வேலைக்காரம்மாளிடம் சாவி இருந்தது, மற்றவர்கள் வாசலில் நின்று குரல் கொடுத்தார்கள் அல்லது தட்டினார்கள். மூன்று வாரமாக யாருக்கும் மணி இல்லாதது தெரியவில்லை.

யாருக்கும் என்று சொல்ல முடியாது. ஒருத்திக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பத்து நாளைக்கு முன் சின்னவள் வந்திருந்தாள். பெரியவள் மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரம். எதிர்வீட்டு டெய்லர் தையல் மெஷினிலிருந்து பார்த்துவிட்டு, "உங்க தங்கச்சி வந்துச்சேம்மா. மணிய அழுத்திட்டு நின்னுச்சு, அப்புறம் போயிடுச்சு" என்று சொன்னார். அதைப் பெரியவள் அம்மாவிடம் சொல்லவில்லை. "யாரோ வந்தாங்களே, கண்ணாடியில நிழல் தெரிஞ்சுது, நான் போறதுக்குள்ள போயிட்டாங்க" என்று அம்மா கேட்டதற்கு, "விளம்பரம் குடுக்கிறவங்களா இருக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

சொல்லியிருந்தால் சின்னவளுக்குப் போன் போட வேண்டி வந்திருக்கும். போட்டிருந்தால், இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவின் காரியத்தன்று, உறவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில் தான் சொன்னதைப் பற்றிப் பேச வேண்டி வந்திருக்கும். அப்பாவின் கடைசி நாட்களில் சின்னவளால் மூன்று முறைதான் வர முடிந்தது. ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் போன் எடுக்கிற வேலை அவளுக்கு. ஷிஃப்டை மாற்ற ஆள் கிடைக்கவில்லை. "விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போறவளுக்கு வீட்டுச் சாவி எதுக்கு" என்று பெரியவள் கையை நீட்டினாள். சின்னவள் சாவியை அந்தக் கையில் வைத்துவிட்டுப் போனவள்தான்.

மணி அடித்தது, அம்மாவால்தான் போக முடியவில்லை என்று இந்தப் பத்து நாளாகப் பெரியவள் தன்னைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தாள். மணி அடிக்கவே இல்லை.

டேப்பைப் பிரித்து, ஒயரை மாட்டி, திருகை முடுக்கினாள்.

*

வெளிச்சம் வந்தது. பொத்தானைச் சுற்றி ஒரு நீல வட்டம் மினுக்கென்று எரிந்து, ஏழெட்டு விநாடியில் அணைந்தது. மறுபடி எரிந்தது, அணைந்தது.

"என்னம்மா, கண்ணடிக்குதா?" எதிரிலிருந்து டெய்லர்.

"கண்ணத்தான் அடிக்குது. மணிதான் அடிக்கல."

மீட்டரை வைத்தாள். எட்டு வோல்ட். புரிந்துவிட்டது. பழைய மணி தூங்குமூஞ்சி. நாள் முழுக்கச் சும்மா கிடந்து, யாராவது அழுத்தினால் மட்டும் ஒரு விநாடி விழிக்கும். எட்டு வோல்ட் அதற்குத் தாராளம். புது மணிக்குக் கண் இருக்கிறது. வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பதினாறு வோல்ட்டாவது கேட்கும். மெயினை அணைத்துவிட்டு, வீட்டு மின்சாரத்தை மணிக்கேற்ற அளவுக்குக் குறைத்துக் கொடுக்கும் பழைய மின்மாற்றியைக் கழற்றிக்கொண்டு, தெருமுனை எலெக்ட்ரிக்கல் கடைக்குப் போய்ப் பதினாறு வோல்ட்டில் ஒன்று வாங்கி வந்தாள்.

திரும்பி வரும்போது அம்மா ஜன்னல் வழியாக டெய்லரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "பெட்டி வந்தப்பவே நினைச்சேன். மூத்தவள்னா மூத்தவள்தான். எனக்கு என்ன வேணும்னு வாயைத் திறக்க வேண்டியதே இல்ல."

பெரியவள் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தாள்.

பெட்டி வந்தது சின்னவள் வருவதற்கு ஆறு நாள் முன்பு. அன்றும் பெரியவள் வெளியே போயிருந்தாள். மேலுறையைக் கிழித்து வேலைக்காரம்மாள் குப்பையோடு கொண்டுபோய்விட்டாள். "நீ ஆர்டர் பண்ணது வந்திருக்கு" என்று அம்மா முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள். பெரியவள் ஆர்டர் எதுவும் செய்யவில்லை. தன் வீட்டுக்காரர்தான் சொல்லாமல் அனுப்பியிருப்பார் என்று நினைத்தாள். அவரும் தானும் வேறா என்ன, என்று "ம்" கொட்டிவிட்டாள். அம்மா அவளைப் பாராட்டிப் பல வருடம் ஆகியிருந்தது. இன்று பெட்டியைத் திறந்தபோது திருகுப் பை ஏற்கெனவே பிரிந்திருந்ததைப் பார்த்தாள். யாரோ திருப்பிக் கொடுத்ததைக் கடைக்காரன் தள்ளிவிட்டான் என்று முணுமுணுத்ததோடு சரி.

*

மின்சாரம் சரி, ஒயர் சரி. நீல வட்டம் இப்போது அணையாமல் சுழன்றது. மீதி கைபேசியில்.

முதல் முறை மணியால் வைஃபையைப் பிடிக்க முடியவில்லை. அதற்கும் காரணம் கண்டுபிடித்தாள். வீட்டு வைஃபை பெட்டி இரண்டு அலைவரிசையில் பேசும். ஒன்று வேகமானது, ஆனால் ஒரு சுவரைத் தாண்டினாலே களைத்துவிடும். இன்னொன்று மெதுவானது, ஆனால் இரண்டு மூன்று சுவரைத் தாண்டி வாசல் வரை நடக்கும். இந்த மணிக்கு மெதுவான பாஷை மட்டும்தான் தெரியும். அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டைப் போட்டாள். வட்டம் சுழன்றது, சுழன்றது, ஆரஞ்சாக மூன்று முறை மின்னி நின்றது. கைபேசியில் ஏதோ செய்தி வந்தது. விரலால் தள்ளிவிட்டாள்.

மறுபடி. ஆரஞ்சு. தள்ளிவிட்டாள்.

பின்பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. அதைப் பதினைந்து விநாடி பிடித்தால் கருவி எல்லாவற்றையும் மறந்து புதிதாகப் பிறக்கும், ஐந்து விநாடி பிடித்தால் வைஃபையை மட்டும் மாற்றலாம் என்று துண்டுச் சீட்டில் போட்டிருந்தது. பிடித்தாள். பிறந்தது. மறுபடி ஆரஞ்சு.

மத்தியானம் போய், வெயில் வாசல் படியிலிருந்து இறங்கிவிட்டது. ஒன்பதாவது முறையும் ஆரஞ்சு வந்தபோது வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இந்த காலிங் பெல்லை எந்தக் கடையில வாங்கினீங்க? பழசை ஏமாத்திக் குடுத்துட்டான்."

"எந்த காலிங் பெல்?"

"அம்மாவுக்கு அனுப்பினீங்களே."

"நான் எங்க அனுப்பினேன்? நீ வாங்கினதுன்னுல்ல உங்கம்மா போன்ல சொன்னாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வாங்கிட்டாளேன்னு நானே ரெண்டு நாள் முறைப்பா இருந்தேன். நீ கவனிக்கல."

"நான் கவனிக்கலதான்."

போனை வைத்துவிட்டு அவள் படியில் உட்கார்ந்தாள். கைபேசித் திரையில் அந்தச் செய்தி இன்னும் இருந்தது. ஒன்பது முறை தள்ளிவிட்டதை இப்போதுதான் முழுதாகப் படித்தாள்.

இந்தச் சாதனம் ஏற்கெனவே வேறொரு கணக்கில் பதிவாகியுள்ளது. உரிமையாளரைத் தொடர்புகொள்ளவும். கீழே ஒரு தொலைபேசி எண், கடைசி மூன்று இலக்கம் தவிர மற்றதெல்லாம் புள்ளி புள்ளியாக. 618.

அந்த மூன்று இலக்கத்தை அவள் இரண்டு வருடமாக அழுத்தவில்லை. மறக்கவும் இல்லை.

சின்னவள் எதையும் சோதித்துப் பார்க்காமல் பிறருக்குக் கொடுக்க மாட்டாள். வாங்கி, தன் வீட்டு வாசலிலேயே மாட்டிப் பார்த்து, தன் பெயரில் பதிந்து, வேலை செய்கிறது என்று உறுதியான பிறகு கழற்றிப் பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறாள். திருகுப் பை பிரிந்திருந்தது அதனால்தான். பெட்டி போய்ச் சேர்ந்தபின், தானே வந்து மாட்டிக் கொடுக்கலாம் என்று வந்திருக்கிறாள். வந்தவள் கதவு நிலையில் பழைய மணியின் பொத்தானே இருப்பதைப் பார்த்திருக்கிறாள்.

கருவியை எத்தனை முறை புதிதாகப் பிறக்க வைத்தாலும் ஏன் பலனில்லை என்பதும் இப்போது விளங்கியது. யாருடையது என்ற விவரம் கருவிக்குள் இல்லை. கம்பெனியின் பதிவேட்டில் இருக்கிறது. நூலகப் புத்தகத்தில் முதல் பக்கத்தைக் கிழித்தாலும் பேரேட்டில் எடுத்தவர் பெயர் போகாது, அதுபோல. திருடிக்கொண்டு போகிறவர் தன்னுடையதாக்கிக்கொள்ள முடியாமலிருக்கச் செய்த ஏற்பாடு.

மீட்டரைப் பைக்குள் வைத்தாள். பெரியவளின் வரிசையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள்.

*

நான்காவது ரிங்கில் சின்னவள் போனை எடுத்தாள்.

"சொல்லுங்க." ஆம்புலன்ஸ் கேட்பவர்களிடம் பேசுகிற குரல்.

"நான்தான்."

"தெரியுது. அம்மாவுக்கு என்ன?"

"அம்மா நல்லா இருக்காங்க. இந்த காலிங் பெல்..."

பின்னணியில் வேறு யாரோ யாருக்கோ முகவரி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பெட்டியப் பிரிச்சாச்சா?" என்றாள் சின்னவள்.

"இன்னிக்குத்தான்."

"பதினாறு நாள் கழிச்சா."

"நீ அனுப்பினதுன்னு தெரியாதுடி."

"மேல பேர் எழுதி ஒட்டியிருந்தேனே."

"மேல் கவர் குப்பைக்குப் போயிடுச்சு. யாரும் படிக்கல."

"ஓ, நான் என்னென்னவோ நினைச்சுட்டேன்" என்றாள். உடனே குரல் பழையபடி சீரானது. "சரி, புரியுது. என் கணக்குல இருக்கிறதால உன்னால பதிய முடியல. ரெண்டு நிமிஷ வேலை. நான் நீக்கிடறேன், நீ உன் பேர்ல போட்டுக்க. லைன்ல இரு."

பெரியவள் "சரி" என்று சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் மணி அடித்திருக்கும். அம்மாவிடம் எதையும் சொல்லத் தேவையும் இருந்திருக்காது. மூத்தவள் வாங்கியது, மூத்தவள் மாட்டியது.

"இரு, நீக்காதே."

"ஏன்?"

"நீ வந்தியாமே. டெய்லர் சொன்னாரு."

"எப்பச் சொன்னாரு?"

"அன்னிக்கே."

சின்னவள் "அன்னிக்கேவா" என்றாள், மெதுவாக. பிறகு, "மூணு நிமிஷம் நின்னேன்க்கா. வேலைப் பழக்கம், நேரம் பார்த்துட்டேதான் நிப்பேன். மூணு தடவை மணிய அழுத்தினேன். கதவைத் தட்டக் கை வரல. கண்ணாடிக்குப் பின்னால ஒரு ஆள் தெரிஞ்சுது. நின்னுட்டே இருந்துச்சு. நீன்னு நினைச்சேன்."

"நான் இல்ல. அது அம்மா."

"அம்மாவா?"

"அவங்க நிக்கல. வந்துட்டிருந்தாங்க. நாற்காலியிலேருந்து கதவுக்கு நாலு நிமிஷம் ஆகும் அவங்களுக்கு."

பின்னணியில் அந்த முகவரி இன்னும் கிடைத்தபாடில்லை.

"மணியும் அடிக்கல," என்றாள் பெரியவள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று ஆனபிறகு நிறுத்த முடியவில்லை. "ஒயரைக் கழட்டி வச்சவ நான். மாட்ட மறந்துட்டேன். நீ வந்ததை அம்மாகிட்ட மறைச்சதும் நான். சாவி வாங்கினதும் நான்தான்."

"சாவி விஷயம் எனக்குத் தெரியும்க்கா. நான் அங்கதான் இருந்தேன்."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. "அன்னிக்கு நான் பேசினது தப்புடி. அப்பவே தெரியும். தெரிஞ்சே ரெண்டு வருஷம் ஓட்டிட்டேன்."

"இப்ப நீக்கவா, வேணாமா?"

"வேணாம். இன்னொரு வழி இருக்கு. உன் பேர்லயே இருக்கட்டும். நீ இந்த வீட்டு வைஃபைக்கு மாத்திட்டு, அம்மாவையும் என்னையும் உன் கணக்குல சேர்த்துடு. யார் வந்து அழுத்தினாலும் மூணு பேருக்கும் கேட்கும்."

"அதுக்கு என் போன் அந்த மணிக்குப் பக்கத்துல இருக்கணும்."

"ஆமா."

"அப்படின்னா நான் வரணும்."

"ஆமா."

பின்னணியில் ஒருவழியாக யாரோ முகவரியைத் திருப்பிச் சொன்னார்கள். சின்னவள் ஏதோ எழுதுகிற சத்தம் கேட்டது.

"காலைல ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடியும். முதல் பஸ்ஸைப் பிடிச்சா எட்டரைக்கு அங்க இருப்பேன்," என்றாள். அப்புறம், "நீ இருப்பியா?" என்றாள்.

இருக்க வேண்டும் என்று கேட்டாளா, இருக்கக் கூடாது என்று கேட்டாளா, குரலிலிருந்து பிரிக்க முடியவில்லை. ரயில் ஆறரைக்கு. பெரியவள் வாயைத் திறப்பதற்குள், "கால் வருது, வைக்கிறேன்" என்று சின்னவள் வேறொருவரின் அவசரத்துக்குப் போய்விட்டாள்.

*

கூடத்தில் அம்மா சட்டத்தை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு, எழுந்திருக்கலாமா என்று யோசிக்கிறவள்போல உட்கார்ந்திருந்தாள்.

"ரொம்ப நேரமா யாரோடடி பேச்சு? கம்பெனிக்காரனா?"

"இல்லம்மா."

"ஊருல இருக்கிற பல் டாக்டருக்கெல்லாம் நாற்காலிய ஏத்தி இறக்கித் தர்ற. நீயே வாங்கின ஒரு மணிய அடிக்க வைக்க முடியலயா?"

பெரியவள் அம்மாவின் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூன்று வாரத்தில் இப்படி முகத்துக்கு நேராக உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

"நான் வாங்கலம்மா. நீ சொன்னப்ப சும்மா இருந்துட்டேன்."

"அப்போ யாரு?"

"சின்னவ. அன்னிக்குக் கண்ணாடியில நிழல் தெரிஞ்சுதே, அதுவும் அவதான்."

அம்மாவின் கை சட்டத்தின் பிடியில் இறுகியது. அவள் கதவைப் பார்த்தாள், பெரியவளைப் பார்த்தாள். கேட்க நிறைய இருந்தது. கடைசியில் கேட்டது ஒன்றுதான்.

"இது அடிக்கறதுக்கு என்ன பண்ணணும்?"

"இது அவ பேர்ல பதிஞ்சிருக்கு. அவளே அவ போனை எடுத்துக்கிட்டு நம்ம வாசல்ல வந்து நிக்கணும். காலைல எட்டரைக்கு வர்றேன்னு சொல்லியிருக்கா. பின்னாடி இருக்கிற சின்னப் பட்டனை அஞ்சு செகண்ட் அழுத்திப் பிடிச்சுட்டு, நம்ம வீட்டு வைஃபை பாஸ்வேர்டைப் போடணும். போட்டா அடிக்கும்."